விண்ட்ஷீல்டு இன்சூரன்ஸ்: கண்ணாடிக்குப் பணம் வந்துவிடும், மற்றதுக்கு?

காரின் முன்கண்ணாடி உடைந்தால் இன்சூரன்ஸ் கொடுக்குமா என்று கேட்டால், விற்பவர் "கொடுக்கும்" என்றுதான் சொல்வார். பொய் இல்லை. ஆனால் ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட்டை வாங்கிப் பாருங்கள். கண்ணாடி அதில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே ஓரத்து ரப்பர் பீடிங், யூரித்தேன் பசை, பிரைமர், கிளிப்புகள், ரெயின் சென்சாரின் ஜெல் பேட், கழற்றி மாட்டும் கூலி, கேமரா கேலிப்ரேஷன் (கேமராவின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) என்று வரிசையாக வரும். முதல் வரியை அநேகமாக எல்லா முழு பாலிசிகளும் கொடுத்துவிடும். பாலிசி நல்லதா, சுமாரா என்பது கீழே உள்ள வரிகளில்தான் தெரியும். ஆகவே இந்த மதிப்புரையில் பாலிசிகளை அந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறோம்.

முதலில் அடிப்படை. சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உங்கள் கண்ணாடிக்கு ஒரு பைசா கிடையாது. உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசி வேண்டும். அமெரிக்காவில் சொந்த வண்டிச் சேதத்தையே கொலிஷன் (மோதலால் வரும் சேதம்), காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதம்) என்று இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். லாரி டயரிலிருந்து கல் தெறித்தது, மரக்கிளை விழுந்தது, ஆலங்கட்டி மழை, திருட்டு முயற்சி எல்லாம் அங்கே காம்ப்ரிஹென்சிவ் பக்கம் வரும். கொலிஷன் மட்டும் எடுத்தவருக்குக் கல் தெறித்த கண்ணாடிக்குப் பணம் வராது.

முழு பாலிசியிலும் வராதவை உண்டு. வைப்பர் ரப்பர் தேய்ந்து கண்ணாடியில் விழுந்த வட்டக் கோடுகள், மணல் பட்டுப் பட்டு மங்கிப்போன பரப்பு, பாலிசி தொடங்கும் முன்பே இருந்த விரிசல் இவை மூன்றும் தேய்மானம் அல்லது பழைய சேதம் என்று தள்ளுபடி ஆகும். பாலிசியைப் புதுப்பிக்க மறந்து சில நாள் இடைவெளி விழுந்தால், மறுபடி எடுக்கும்போது வண்டியைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது படத்தில் தெரியும் சிறு தெறிப்புகூட பின்னாளில் க்ளெய்முக்குத் தடையாக நிற்கும்.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாம் கையிலிருந்து போடும் முதல் தொகை. கண்ணாடி விஷயத்தில் இதற்கு மற்ற சேதங்களைவிட அதிக கனம் உண்டு. ஒரு கதவு, பானெட் நசுங்கினால் பில் பெரிதாக இருக்கும், டிடக்டிபிள் அதில் சிறு பங்கு. சென்சார் எதுவும் இல்லாத சின்ன காரின் கண்ணாடி மாற்ற ஆகும் செலவோ சில சமயம் டிடக்டிபிளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். பிரீமியத்தைக் குறைக்கலாமே என்று டிடக்டிபிளை நாமாகவே உயர்த்தி வைத்திருந்தால், கண்ணாடிக்குப் பாலிசி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதைச் சரிக்கட்ட நாட்டுக்கு நாடு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா, கென்டக்கி, தென் கரோலினா மாநிலங்களில் காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் முன்கண்ணாடிக்கு டிடக்டிபிள் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் கண்ணாடிக்கென்று தனியாகக் குறைந்த தொகையை வைப்பது வழக்கம். மாற்றாமல் ரிப்பேர் மட்டும் செய்தால் அது இன்னும் குறையும். மலேசியாவில் கண்ணாடிக்குத் தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு சேர்க்கும் வசதி, வாங்க வேண்டும். காப்பீடு செய்யும் தொகையில் 15 சதவீதம் அதன் பிரீமியம், அதில் க்ளெய்ம் செய்தால், க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி போகாது. இந்தியாவின் வழக்கமான முழு பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். பீடிங்கும் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் பேனலும் பாதி விலைக்கு நம் தலையில் விழுவது இப்படித்தான். தேய்மானக் கழிவை நீக்கும் ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் அந்தப் பாதி திரும்பி வரும். பசை, பிரைமர், ஒருமுறை கழற்றினால் திரும்பப் பயன்படாத கிளிப்புகள் ஆகியவற்றைப் பல பாலிசிகள் கன்ஸ்யூமபிள்ஸ் (ஒருமுறை பயன்படுத்தித் தீரும் பொருட்கள்) கணக்கில் தள்ளிவிடுவதால், அவற்றுக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். கண்ணாடிக்காக ஜீரோ டெப் எடுக்கிறேன் என்பவர்கள் கவனிக்க: அது கண்ணாடிக்காக அல்ல, கண்ணாடியைச் சுற்றி இருப்பவற்றுக்காக.

இப்போது பலர் போடாமல் விடும் கணக்கு: போனஸ் இழப்பு. நோ க்ளெய்ம் போனஸ் பாதிக்கப்படாத ஆட்-ஆன் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இல்லாதவர்கள் எஸ்டிமேட்டோடு இதையும் சேர்த்துப் பார்த்த பிறகே க்ளெய்ம் போட வேண்டும். இந்திய ஏணியை உதாரணமாக எடுப்போம். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும், ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். தள்ளுபடிக்கு முந்தைய சொந்த வண்டிச் சேத பிரீமியம் ஆண்டுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மாறவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதத்தில் இருப்பவர் க்ளெய்ம் போடாவிட்டால் ஆண்டுதோறும் 50 கட்டுவார். போட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் 100, 80, 75, 65, 55 என்று கட்டி, ஆறாவது புதுப்பிப்பில்தான் பழைய 50-க்குத் திரும்புவார். கூடுதலாகப் போவது 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. ஒன்றேகால் ஆண்டின் முழு பிரீமியம்! இப்போது 20 சதவீதத்தில் இருப்பவருக்கு (க்ளெய்ம் போடாவிட்டால் அவர் 75, 65, 55, 50 என்று இறங்கிக்கொண்டே போயிருப்பார்) இதே கணக்கில் இழப்பு 80. இந்தத் தொகையோடு டிடக்டிபிளையும், பாலிசி கழிக்கும் பாகங்களின் விலையையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை மொத்த பில்லைத் தாண்டினால் கையிலிருந்து கட்டிவிடுவதே லாபம். ஏணி நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட்டும் முறை மாறாது. ஓராண்டுக்கான இழப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

மாற்றுவதா, ரிப்பேர் போதுமா என்பது அடுத்த கேள்வி. முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனில் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே பி.வி.பி. என்ற 0.76 மி.மீ. பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும் தெறிக்கும். அந்தக் குழியில் காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பதுதான் ரிப்பேர். பக்கவாட்டு ஜன்னல்களிலும் பின்பக்கத்திலும் பொதுவாக இருப்பது டெம்பர்டு கண்ணாடி, உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டும், அதற்கு ரிப்பேர் என்பதே இல்லை. உங்கள் பாலிசியின் கண்ணாடி ஆட்-ஆன் முன்கண்ணாடிக்கு மட்டுமா, எல்லாக் கண்ணாடிக்குமா, சன்ரூஃபும் அதில் சேருமா என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சன்ரூஃபைப் பல பாலிசிகள் கண்ணாடி ஆட்-ஆனில் சேர்ப்பதில்லை.

25 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும் தெறிப்பு, உள்தகடும் படலமும் நன்றாக இருப்பது, விளிம்பிலிருந்து தள்ளி இருப்பது, கேமரா பார்க்கும் பகுதியில் இல்லாதது, ஓட்டுநர் கண்ணுக்கு நேரே இல்லாதது. இத்தனையும் சேர்ந்தால் ரிப்பேருக்கே போகலாம். கண்ணுக்கு நேரே ஏன் கூடாது என்றால், ரெசின் இறுகிய பின்னும் லேசான தழும்பு நிற்கும், எதிர்வெளிச்சத்தில் அது கூசும். பிரிட்டனின் எம்.ஓ.டி. வாகனச் சோதனையில் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீயரிங் நடுவை மையமாக வைத்த 290 மி.மீ. அகலப் பட்டைக்குள் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தால் ஃபெயில், வைப்பர் துடைக்கும் மற்ற பகுதியில் 40 மி.மீ. வரை விட்டுவிடுவார்கள். விளிம்பை ஒட்டிய விரிசல் சிறியதாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். கண்ணாடியின் உள் இறுக்கம் விளிம்பில்தான் அதிகம், அங்கே தொடங்கும் கோடு நிற்காமல் ஓடும்.

தெறிப்பு விழுந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காய்ந்த கண்ணாடியில், அந்த இடத்தின் மேல் ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டுவது. தண்ணீரோ அழுக்கோ ஷாம்பூவோ குழிக்குள் போய்விட்டால் ரெசின் பிடிக்காது. அதன்பின் கழுவக் கூடாது. வெயிலில் கொதித்த கண்ணாடிமேல் ஏ.சி.யை முழு வேகத்தில் திருப்பக் கூடாது, குளிரில் உறைந்த கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றக் கூடாது. ரிப்பேர் செய்பவர் முன்கூட்டியே ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரெசின் செலுத்தும்போதே விரிசல் ஓடிவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஓடினால் மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதை வேலைக்கு முன்பே பேசி முடியுங்கள்.

க்ளெய்ம் போடுவதென்றால், கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் தகவல் சொல்லியாக வேண்டும். பல க்ளெய்ம்கள் இங்கேதான் கெடுகின்றன. பழைய கண்ணாடியை எடுத்துவிட்ட பின், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது. நான்கு படங்கள் போதும்: நம்பர் பிளேட்டோடு முழு முன்பக்கம், சேதத்தின் அருகே அளவுக்கு ஒரு ஸ்கேல் வைத்த குளோசப், கண்ணாடியின் மூலையில் அச்சடித்திருக்கும் குறி, டாஷ்போர்டில் கிலோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும். எஸ்டிமேட்டில் கூலி, பசை, பீடிங், கேலிப்ரேஷன் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதினால், எதை வெட்டினார்கள் என்று கேட்கக்கூட வழி இருக்காது. ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே வேலை ஆரம்பிக்கட்டும். கேஷ்லெஸ் (கம்பெனியே ஒர்க் ஷாப்புக்கு நேராகப் பணம் கட்டும் முறை) என்றாலும் டிடக்டிபிளும் கழிவுகளும் நாம் கட்டுவதுதான். வண்டி எடுக்கும் நாளில் அந்தத் தொகையைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருக்க, "நான் கையிலிருந்து எவ்வளவு?" என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

எந்தக் கண்ணாடி போடுகிறார்கள் என்பதில் பாலிசியின் சொற்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். கார் கம்பெனி முத்திரையோடு வரும் அசல் கண்ணாடியா, "அதற்கு இணையான தரம்" என்ற வாசகமா? இரண்டாவது வாசகம் இருந்தால் வெளிச்சந்தைக் கண்ணாடியைப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. அது தானாகக் குறை அல்ல. கண்ணாடியின் மூலையில் ஆங்கில ‘இ’ எழுத்தும் நாட்டு எண்ணும் வட்டத்துக்குள் இருந்து, பக்கத்தில் 43ஆர் என்று இருந்தால் ஐ.நா. வாகன விதி 43-இன்படி தேறிய கண்ணாடி. இந்தியாவுக்கு ஐ.எஸ். 2553, அமெரிக்காவுக்கு டாட் (போக்குவரத்துத் துறை) எண்ணோடு ஏ.எஸ்.1. எந்தக் குறியும் இல்லாத கண்ணாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிக்கல் வருவது வசதிகள் பொருந்தாதபோது. ஒரே மாடலுக்கு நான்கைந்து வகை முன்கண்ணாடி இருக்கும்: ரெயின் சென்சார் உள்ளது, சத்தம் குறைக்கும் அகூஸ்டிக் படலம் உள்ளது, வெப்பம் தடுக்கும் பூச்சு உள்ளது, வேகம் போன்றவற்றைக் கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேக்கானது, கேமரா பிராக்கெட் உள்ளது. ஹெட்-அப் டிஸ்ப்ளே கண்ணாடியில் நடுப்படலம் மேலிருந்து கீழாகத் தடிமன் மாறி, ஆப்பு வடிவில் இருக்கும். அதற்குப் பதில் சாதாரணக் கண்ணாடியை மாட்டினால் வேகம் காட்டும் எண் இரட்டையாகத் தெரியும், எந்தச் செட்டிங்காலும் அது சரியாகாது. மாடல் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுக்க விடாதீர்கள். சேசிஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பர் எடுக்கட்டும்.

பொருத்தும் வேலை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் காக்கும் பகுதி இதுதான். பல கார்களில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் மோதித்தான் பயணியின் பக்கம் திரும்பும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. இரண்டும் நடக்க, கண்ணாடி பிய்த்துக்கொண்டு போகாமல் பசை பிடித்திருக்க வேண்டும்.

சரியான வேலை இப்படி நடக்கும். வைப்பர் கைகள், அடி பேனல், ஓரப் பட்டைகள் கழலும். ஒயரோ கத்தியோ கொண்டு பழைய பசை அறுபடும். பாடியின் விளிம்பில் பழைய பசையை முழுக்கச் சுரண்ட மாட்டார்கள், 1 முதல் 2 மி.மீ. விட்டு மட்டமாகச் சீவுவார்கள். புதுப் பசை நன்றாகப் பிடிப்பது அந்த மெல்லிய பழைய படுகையின் மேல்தான். சீவும்போது பெயின்ட் கீறி உலோகம் தெரிந்தால், அங்கே பிரைமர் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் காய விட வேண்டும். பூசாமல் மூடினால் சில ஆண்டுகளில் துரு பசைக்கு அடியில் ஓடி, மழையில் கால்மிதியடி நனைய ஆரம்பிக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையைத் துடைத்து, பிரைமர் தடவி, அதன்பின் யாரும் அங்கே விரல் வைக்கக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. பசை யூரித்தேனாக இருக்க வேண்டும், கட்டிட வேலைக்கான சிலிக்கான் கூடவே கூடாது. முனையை ‘வி’ வடிவில் வெட்டி, முக்கோணக் கோடாக, நடுவில் அறுபடாமல் ஒரே சுற்றாக இழுப்பார்கள். டியூபில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

யூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். அதனால் வண்டியை எப்போது எடுக்கலாம் என்பது பசையின் வகை, வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் பொறுத்தது. சில பசைகளுக்கு அரை மணி நேரம் போதும், சிலவற்றுக்குப் பல மணி நேரம். குளிரும் வறட்சியும் சேர்ந்தால் இன்னும் நீளும். "ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கலாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் இடத்தை நம்பாதீர்கள். அன்றைய வெப்பநிலைக்குப் பசைக் கம்பெனியின் அட்டவணை என்ன சொல்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வையுங்கள். கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் எழுந்து ஈரப் பசையைத் தள்ளும். ஓரத்தில் ஒட்டிய டேப்பை 24 மணி நேரம் விடுங்கள், பிரஷர் வாஷை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால் கேலிப்ரேஷன் கட்டாயம். லேன் விலகல் எச்சரிக்கை, தானியங்கி பிரேக் எல்லாம் அந்தக் கேமராவின் கோணத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. பிராக்கெட் சிறிதளவு சாய்ந்தாலும், தூரத்தில் உள்ள வண்டி இருக்கும் இடம் மீட்டர் கணக்கில் தவறிவிடும். சில கார்களுக்கு ஒர்க் ஷாப்பில் மட்டமான தரையில் இலக்குப் பலகை வைத்துச் செய்ய வேண்டும், சிலவற்றுக்கு ஸ்கேன் டூல் மாட்டிச் சாலையில் ஓட்ட வேண்டும், சிலவற்றுக்கு இரண்டும். டயர் காற்றழுத்தமும் வீல் அலைன்மென்ட்டும் சரியாக இருந்தால்தான் முடிவு சரியாக வரும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் கேமரா சரியாகிவிட்டது என்று பொருள் அல்ல. கேமரா தப்பான கோணத்திலும் அமைதியாக வேலை செய்யும்.

எங்கள் பார்வையில் ஒரு கண்ணாடி ஆட்-ஆனை வாங்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி இதுவே: கேலிப்ரேஷன் செலவு பாலிசிக்குள் வருமா? கேமரா உள்ள காருக்கு "வரும்" என்று எழுத்தில் இருந்தால் ஆட்-ஆனை எடுங்கள். பில்லில் கேலிப்ரேஷனே பெரிய வரியாக இருக்கக்கூடும். கேமரா இல்லாத, பழைய, கண்ணாடி மலிவாகக் கிடைக்கும் காருக்கு ஆட்-ஆன் பிரீமியம் சில ஆண்டுகளில் கண்ணாடி விலையையே தொட்டுவிடும். அங்கே அது தேவையில்லை. நடுத்தர கார்களுக்கு, போனஸைப் பாதிக்காது என்ற வாசகம் இருந்தால் மட்டும் பரிந்துரைக்கிறோம்.

வண்டியை வாங்கும்போது ஸ்கேன் அறிக்கையும் கேலிப்ரேஷன் அறிக்கையும் தாளில் வாங்குங்கள். ஓரங்களில் தண்ணீரை மெதுவாக ஊற்றி, உள்ளே ஏ-பில்லர் (கண்ணாடியின் பக்கத்துத் தூண்) ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் விசில் சத்தம் கேட்டால் பீடிங் சரியாக உட்காரவில்லை அல்லது பசையில் இடைவெளி, உடனே திரும்பக் கொண்டுபோங்கள். இது பொருத்தியவரின் வேலை வாரண்டியில் வர வேண்டியது, இன்னொரு க்ளெய்மாகப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்த சுங்கச்சாவடி டேக் அதோடு போய்விடும், புதிய டேக்குக்கு அன்றே விண்ணப்பியுங்கள், அந்தச் செலவைப் பாலிசிகள் பொதுவாகக் கொடுப்பதில்லை. சில ஆட்-ஆன்கள் ஒரு க்ளெய்மோடு தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி அதை உயிர்ப்பிக்க வேண்டுமா என்று, வண்டியை எடுக்கும் நாளிலேயே கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.